பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை: பிள்ளையோடு எங்கே உட்காரலாம்?



சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை என்றால் தோட்டத்திலும் தாமானிலும் இருக்கும் நம்மவர்கள் பட்டணம் போவது வழக்கம். மளிகைச் சாமான் வாங்க வேண்டும். கோயிலுக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்குச் சட்டையோ சப்பாத்தோ எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து கால் வலிக்கத் தொடங்கும்போது, "எங்கேயாவது கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவோம்" என்று வீட்டுத் தலைவர் சொல்வார். அந்த 'எங்கேயாவது' எந்த இடம் என்பதுதான் இன்றைய பேச்சு.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் கிள்ளான் வரை உங்களை அழைத்துப் போகிறேன். கோயில்களையும் கட்டடங்களையும் பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. நாம் பார்க்கப் போவது நம்மவர் உட்கார்ந்து குடிக்கும் கடைகளை. முக்கியமாக, பக்கத்தில் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு குடிக்கும் கடைகளை.

செங்கல் சூளையும் ரயில் வீடுகளும்

பிரிக்பீல்ட்ஸ் என்றால் செங்கல் களம் என்று பொருள். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் குடிசைகளையும் அழித்தன. அதன் பிறகு ஊரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அதற்கான செங்கல் சூளைகள் இங்கே எழுந்தன. பிறகு ரயில்வே வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் ரயில்வேயில் வேலை பார்த்து, இங்கேயே குடியிருந்தார்கள். 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் இந்தப் பகுதி 'லிட்டில் இந்தியா' ஆயிற்று.

இன்று துன் சம்பந்தன் சாலையில் மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். பூமாலைக் கடை, புடவைக் கடை, வடையும் கறிபாப்பும் சுடச்சுட விற்கும் ஒட்டுக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்று கண்ணும் மூக்கும் நிறையும். நடுநடுவே இன்னொரு வகைக் கடையும் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர்ச்சாதனம், வண்ண விளக்கு, சுவரில் பெரிய திரை, அதில் கால்பந்தோ தமிழ்ப் படப் பாட்டோ ஓடும். பெயர்ப் பலகையில் 'பிஸ்ட்ரோ' என்றோ 'பப்' என்றோ எழுதியிருப்பார்கள். பேரங்காடிகளிலும் புதிய வீடமைப்புப் பகுதிகளின் கடை வரிசைகளிலும், ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை பரப்பிய கடைகளும் இந்த வகையில் உண்டு.

இந்தக் கடைகளில் என்ன ஈர்ப்பு?

நியாயமாகப் பேசுவோம். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போய், வெயிலிலும் மழையிலும் செம்பனைக் குலை சுமக்கிறவருக்கு ஒரு நாற்காலியும் கொஞ்சம் குளிர்ச்சியும் நாலு நண்பர்களும் வேண்டும் என்ற ஆசை குற்றமல்ல. கிளைக்கடை அதைத் தருகிறது. விலைப்பட்டியல் மேசையிலேயே இருப்பதால் யாரும் கணக்கில் ஏமாற்ற முடியாது. தரை சுத்தமாக இருக்கும். கழிவறை நன்றாக இருக்கும். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் அதே பண்டம், அதே சுவை. உடுப்பைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார்கள். தோட்டத்தவர், ஆபீஸ்காரர் என்ற பேதமில்லாமல் "வாங்க சார்" என்பார்கள். ஒரு காலத்தில் துரையின் கிளப்புக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. உரிமம் பெற்ற கடையில் விற்கும் பீர், ஆலையில் முறையாகக் காய்ச்சி அடைத்த பீர். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மலிவு என்று கண்ட போத்தலையும் வாங்குவதைவிட, உரிமம் உள்ள கடை பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை.

குறைகள் எங்கே?

முதல் குறை விலை. பீர் மீது உலகிலேயே அதிக வரி விதிக்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. அதோடு குளிர்ச்சாதனத்துக்கும் பாட்டுக்கும் சேர்த்துத்தான் கடைக்காரர் விலை போடுகிறார். 2025இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். கடையில் உட்கார்ந்து நாலைந்து போத்தல் குடித்தால், ஒரு நாள் முழுதும் குலை வெட்டிய கூலி அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது குறை அதைவிடப் பெரிது. அந்தக் கடையில் "போதும்" என்று சொல்ல ஆள் கிடையாது. ஒரு போத்தலுக்குப் பதில் ஒரு வாளி போத்தல் வாங்கினால் மலிவு என்பார்கள். 'ஹாப்பி ஹவர்' என்று மாலையில் விலை குறைப்பார்கள். நேரமாகிறது என்று நினைவூட்ட சன்னல்கூட இருக்காது. பரிமாறுகிற பையன் நல்லவன்தான். ஆனால் உங்கள் பெயர் அவனுக்குத் தெரியாது. வீட்டில் அரிசி இருக்கிறதா என்பதும் தெரியாது.

மூன்றாவது குறை பிள்ளைகளைப் பற்றியது. பாட்டும் ஆட்டமும் உள்ள கடைகள் சில, பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அது நல்ல காரியம். சாப்பாடும் குடியும் கலந்த கடைகளிலோ, பிள்ளையும் உள்ளே வந்துவிடுகிறது. 2017 டிசம்பரிலிருந்து 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது விதி; அதற்கு முன்பு 18 வயதாக இருந்தது. அந்த விதி பிள்ளையின் கைக்குப் போத்தல் போகாமல் தடுக்கும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அப்பாவின் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறது என்பது பெற்றோர் பார்க்க வேண்டிய காரியம்.

தோட்டப் பள்ளியில் பல வருடம் பாடம் சொல்லித் தந்தவன் நான். 'என் விடுமுறை நாள்' என்று கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். ஒரு முறை மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஐந்து வரி எழுதினான். அப்பாவோடு பட்டணம் போனதாகவும், குளிர்ச்சியான கடையில் உட்கார்ந்ததாகவும், உருளைக்கிழங்கு பொரியல் தின்றதாகவும் எழுதியிருந்தான். பிறகு அப்பாவும் மாமாவும் சத்தம் போட்டுப் பேசினார்களாம். தான் மேசைக்குக் கீழே தூங்கிவிட்டதாக முடித்திருந்தான். எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. கோபமோ குறையோ ஒன்றும் அதில் இல்லை. விடுமுறை என்றால் இப்படித்தான் போலும் என்று அவன் எண்ணியிருக்கிறான்.

பொரித்த கோழிக் கடைகள்

"அப்படியானால் பிள்ளைகளை எங்கேதான் கூட்டிப் போவது?" என்று தாய்மார் கேட்பார்கள். கிளைக்கடைகளில் மது இல்லாத வகையும் உண்டல்லவா! 1963இல் கோலாலம்பூரில் ஏ அண்ட் டபிள்யூ கடை வந்தது. 1973இல் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் கே.எப்.சி. வந்தது. 1982இல் புக்கிட் பிந்தாங்கில் மெக்டொனால்ட்ஸ் திறந்தது. அந்த நாளில் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பொரித்த கோழி வாங்கித் தருவேன் என்று சொல்லிப் பிள்ளையைப் படிக்க வைத்த அப்பாக்கள் எத்தனையோ பேர்.

ஹலால் சான்று பெற்ற இந்தக் கடைகளில் மது கிடையாது. ஏ அண்ட் டபிள்யூ கடையின் 'ரூட் பீர்' என்ற பானத்தில் மது துளியும் இல்லாவிட்டாலும், பெயரில் 'பீர்' என்ற சொல் வருவதால் இப்போது அதை 'ஆர்.பி.' என்றே எழுதுகிறார்கள். பனைமரத்தின் கீழ் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று நம் முன்னோர் சொன்னது நினைவுக்கு வருகிறது! மலாய்க் குடும்பமும் சீனக் குடும்பமும் நம் குடும்பமும் அடுத்தடுத்த மேசையில் உட்காருவதையும் அங்கே பார்க்கலாம்.

குறை இல்லாமலில்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அங்கே ஆகும் செலவில், வாழையிலையில் வயிறாரச் சாப்பிட்டு மீதியும் கொண்டு வரலாம். எண்ணெயும் சீனியும் அதிகம். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. ஆகவே இது மாதத்துக்கு ஒரு முறை போதும்.

ரயில் பாதையில் இரண்டு ஆலைகள்

இனி ரயில் ஏறுவோம். இந்தப் பாதை பழைய பாதை. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890இல் ஆற்றுக்குப் பாலம் போட்டுக் கிள்ளான் ஊருக்குள் வந்தது. 1995 முதல் கொமுட்டர் மின்சார ரயில் ஓடுகிறது.

ரயிலும் கூட்டரசு நெடுஞ்சாலையும் ஏறக்குறைய ஒரே திசையில் போகின்றன. வழியில் இரண்டு பெரிய பீர் ஆலைகள் இருக்கின்றன. ஒன்று சுங்கைவேயில், 1960களில் கின்னஸ் நிறுவனம் கட்டியது. இன்று ஹைனகன் நடத்துகிறது. இன்னொன்று ஷா ஆலாமில், 1972 முதல் இயங்கும் கார்ல்ஸ்பெர்க் ஆலை. பிரிக்பீல்ட்ஸ் மேசையிலும் கிள்ளான் மேசையிலும் வைக்கிற போத்தல்கள் பல இங்கிருந்து புறப்பட்டவைதாம்.

இதே நெடுஞ்சாலையில் இரவு வீடு திரும்புகிறவர்கள் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை இருந்த அனுமதி 50 ஆகக் குறைக்கப்பட்டது. குடித்து ஓட்டி ஓர் உயிரைப் போக்கினால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. 50,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம். மோட்டார் சைக்கிளின் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவர் மடியில் ஒரு பிள்ளை என்று வருகிறவருக்குச் சட்டப் புத்தகத்தைக் காட்ட வேண்டியதில்லை. பிள்ளையின் தலையைப் பார்த்தாலே போதும்.

கிள்ளான் சொல்லும் பாடம்

கிள்ளானில் இறங்கித் தெங்கு கிளானா சாலைக்கு நடந்துவிடலாம். மல்லிகையும் சாம்பிராணியும் மணக்கும் கடைத்தெரு. நம் குடும்பங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கும் இடம். ஆனால் இந்த ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு. அதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டும்.

அந்த நாளில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. அதன் லாபம் தொழிலாளர் நலனுக்கே என்று நிர்வாகம் சொல்லிவந்தது. கூலியைக் கொடுத்து, அதே கூலியைக் கள்ளுக்கடை வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை நலன் என்று காட்டுவது நல்ல கணக்குத்தான்!

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதற்கு முன்னின்றார். அவர்கள் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அதே பட்டியலில் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதானார். வேலைநிறுத்தம் மேலும் பரவியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்து நின்றார்கள்.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். அந்தத் தொழிலாளர்கள் பெரும் படிப்புப் படித்தவர்களல்லர். ஆனாலும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் அப்பாவின் கள்ளுக்கடையும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்று திறக்க வேண்டுமானால் மற்றது மூட வேண்டும் என்று கேட்டு, அதற்காக உயிரையும் கொடுத்தார்கள்.

பழைய கடையும் புதிய கடையும்

கள்ளுக்கடையைப் புகழ நான் வரவில்லை. கடன் நோட்டு, சண்டை, வாசலில் அழுதுகொண்டு நிற்கும் தாய் என்று அது செய்த கேடு நமக்குத் தெரியும். ஆனால் அதில் சில தடைகள் இருந்தன. தென்னங்கள் நாளைக்கு நிற்காது, புளித்துக் காடியாகிவிடும். கடை நேரத்தோடு மூடும். கடைக்காரருக்கு நம் குடும்பமே தெரியும். மனைவி வாசலில் வந்து நின்றால் லயமே பார்க்கும் என்ற வெட்கமும் இருந்தது. பிள்ளை பெரும்பாலும் வெளியே நின்றது.

புதிய கடையில் அந்தத் தடைகள் ஒன்றும் இல்லை. சரக்கு புளிக்காது, ஊரார் கண் இல்லை. பிள்ளையும் உள்ளே வந்து, பொரியல் தட்டோடும் கைப்பேசியோடும் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறது. பிள்ளை வெளியே நின்று அழுதால் அப்பாவுக்கு வீட்டு நினைப்பு வரும். உள்ளே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "குடும்பத்தோடுதானே வந்திருக்கிறோம்" என்று இன்னொரு போத்தல் வரும். இதுதான் நான் கண்ட பெரிய ஆபத்து.

தமிழ்நாட்டில் 1983இல் அரசு தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. ஒரே பெயரில் மாநிலம் முழுதும் கடை. அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. பிரிட்டனில் நிலைமை வேறு. 1979இல் தொடங்கிய வெதர்ஸ்பூன் என்ற பப் நிறுவனத்துக்கு அந்த நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகள். அங்கே குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து சாப்பிடுகின்றன. ஆனால் பிள்ளைகளோடு வரும் பெரியவர்களுக்கு இரண்டு குவளைக்கு மேல் ஊற்றுவதில்லை என்று அந்த நிறுவனம் ஒரு விதி வைத்தது. குடி விற்றுப் பிழைக்கிற கடைக்கே, பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது ஒரு வரம்பு வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பெற்ற நமக்குத் தோன்றக்கூடாதா?

நாம் செய்யக்கூடியது

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் பாடியிருக்கிறார். குடியை அறவே விட்டவர்களுக்கு என் வணக்கம். விட முடியாதவர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன்.

பிள்ளையோடு பட்டணம் போகும் நாளைப் பிள்ளையின் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று வாழையிலைக் கடையோ மாமாக் கடையோ ஒட்டுக்கடையோ போதும். ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசினாலும் அங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள். கால்பந்தும் பார்க்கலாம், பிள்ளைக்கு ஒரு ரொட்டி சானாய் வாங்கித் தந்து, இந்த வாரம் பள்ளியில் என்ன நடந்தது என்றும் கேட்கலாம்.

நண்பர்களோடு உட்கார வேண்டுமானால் அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தை முதலில் அம்மா கையிலோ மனைவி கையிலோ கொடுத்துவிட்டு, மீதியில் இவ்வளவுதான் என்று எண்ணி எடுத்துப் போங்கள். வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள்.

குடும்ப விருந்து என்று மது விற்கும் கடைக்குள் போக நேர்ந்தால், இரண்டு குவளை என்ற வரம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு அதுவும் வேண்டாம். பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டும்.

தாய்மாரே, பட்டணத்துக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே இதைப் பேசி முடிவு செய்யுங்கள். கடை வாசலில் நின்று பேசினால் சண்டையாகத்தான் முடியும்.

அடுத்த முறை கிள்ளானுக்குப் போகும்போது, தெங்கு கிளானா சாலையில் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்துகொண்டே 1941ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லுங்கள். தன் தாத்தா பாட்டி காலத்தவர்கள் பள்ளிக்கூடம் கேட்டுப் போராடியவர்கள் என்று அது தெரிந்துகொள்ளட்டும். திங்கட்கிழமை காலையில் வகுப்பில் எழுதுவதற்கு அதற்கு நல்லதொரு கட்டுரையும் கிடைக்கும்.